ஒரு பிழையின் சொந்தக்காரன்

ஹாப்ட்மன் வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏணியையும் பணத்தையும் பேசிவிட்டுக் கையெழுத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தக் கையெழுத்துதான் உறுத்துகிறது.

லிண்ட்பர்கின் குழந்தை 1932-ல் கடத்தப்பட்டபோது பணம் கேட்டு வந்த கடிதங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அடியில் ஓடியது ஜெர்மன். டாலர் குறி தொகைக்குப் பின்னால் நின்றது. ‘நல்ல’ என்ற இடத்தில் ஜெர்மன் சொல்லே விழுந்திருந்தது. படகுக்கான ஆங்கிலச் சொல்லின் கடைசி வல்லோசை மெலிந்து, வேறு எழுத்தாகியிருந்தது. (நம் லிபியில் எழுதினால் சரியும் பிழையும் ஒன்றாகிவிடும். இந்தக் குழப்பம் நமக்கு அந்நியமல்ல.)

1935-ல் நியூஜெர்ஸியின் ஃப்ளெமிங்டனில் நடந்த விசாரணையில் அரசுத் தரப்புக்கு எட்டு கையெழுத்து நிபுணர்கள். அவர்களில் மூத்தவர் ஆல்பர்ட் ஆஸ்பர்ன். சந்தேக ஆவணங்கள் பற்றி 1910-ல் அவர் வெளியிட்ட புத்தகம் இத்துறைக்கு ஏறக்குறைய வேதம். எழுத்தில் பள்ளிக்கூடம் தந்தது வேறு, ஆசாமி தானாகச் சேர்த்துக்கொண்டது வேறு என்பது இத்துறையின் பாலபாடம். ஹாப்ட்மன் 1899-ல் சாக்ஸனியில் பிறந்த தச்சன். 1923-ல் கப்பலில் ஒளிந்து அமெரிக்கா வந்தவன். அவன் தலைமுறைக்கு ஜெர்மன் பள்ளிகள் குர்ரென்ட், லத்தீன் என்று இரண்டு லிபிகளைப் பழக்கின. அப்படிப் படித்துவிட்டு நியூயார்க்கில் குடியேறியவர்களின் ஆங்கில எழுத்தில் ஒரு குடும்ப ஜாடை இருந்தே தீரும். ஜாடையை வைத்து ஊரைச் சொல்லலாம். ஆளைச் சொல்ல எழுத்துகளின் வடிவத்துக்குள் நுழைய வேண்டும். நிபுணர்கள் நுழையத்தான் செய்தார்கள்.

ஆனால் பிராசிக்யூட்டர் விலென்ட்ஸ் குறுக்கு விசாரணையில் தூக்கிப் பிடித்தது பிழையை. ஹாப்ட்மனின் பழைய கணக்கு நோட்டிலும் படகு அப்படியே மெலிந்து கிடந்தது. கோர்ட்டில் அதைவிடக் கண்கூடான சாட்சியம் வேறென்ன? ஆனால் சாக்ஸனிப் பேச்சில் இவ்வோசைகள் மெலிவது வழக்கம். அது கையின் பிழையல்ல, காதின் பிழை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் எத்தனை பேர் இப்படி எழுதுவார்கள் என்று கேட்டால் ஒருவரும் இல்லை, ஆகவே இவன்தான் என்றாகிறது. சாக்ஸனிக்காரர்களில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் சாட்சியத்தின் எடை குறைந்திருக்கும். முற்றாக இல்லாமல் போயிருக்காது.

அவன் நிரபராதி என்று வாதாட நான் வரவில்லை. கராஜில் பிணைப் பணம் 14,000 டாலருக்கும் சற்று அதிகமாக அகப்பட்டது. அதற்கு அவன் தந்த விளக்கம் பலவீனமானது. எதிர்த்தரப்பில் கையெழுத்துக்காகக் கூண்டேறிய நிபுணர் ஒரே ஒருவர். 1936 ஏப்ரல் 3 அன்று ட்ரென்டன் சிறையில் ஹாப்ட்மனை மின்சார நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.