கயிற்றால் தைத்த கலம்

சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில், கப்பலில் வந்தோர் கரை சேர்ந்தது எவ்வாறு? கப்பல்கள் கரையை அணுக இயலாமல் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். முதலில் கட்டுமரம் அலைகளைக் கடந்து சென்று கடிதங்களைச் சேர்க்கும். பின்னர் மசூலாப் படகு சென்று ஆட்களையும் சரக்கையும் இறக்கிவரும். ஆளுநராயினும் படைவீரராயினும் அப்படகோட்டிகளின் தோள்வலிமையை நம்பியே சென்னை மண்ணை மிதித்தனர்.

அப்படகில் ஆணி இல்லை. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, இணைப்பின்மேல் வைக்கோலை வைத்து, தென்னங்கயிற்றால் இறுகத் தைத்தனர். உட்சட்டங்களும் இல்லை. ஆகவே அலை மோதும்போது படகு பிளவாமல் வளைந்து கொடுத்தது. திருகோணமலையில் கப்பல் தச்சுத் தலைவராயிருந்த ஜான் எடி என்பவர் 1834இல் இதன் நீளம் 30 முதல் 35 அடி என்று குறித்தார். மூங்கிற்கழியின் நுனியில் பலகை கட்டிய துடுப்புகளைப் பன்னிருவர் வலிக்க, தண்டல் ஒருவர் திசை திருப்புவார்.

இத்தகைய படகொன்றை இன்று மீண்டும் கட்ட விரும்பினால், எதைப் பார்த்துக் கட்டுவது? இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் இவ்வினாவிற்கு எளிய விடை உண்டு. அங்கே, வரும் கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமியை ஏற்றிச்செல்ல அறுவர் தண்டு வலிக்கும் படகுகள் இருந்தன. 1838இல் கட்டிய ‘டிரெஃப்ரி’ என்னும் படகு இன்றும் உள்ளது. அதன் அளவையே பின்பற்றிப் புதுப்படகுகள் செய்கின்றனர்.

தையற்படகின் நிலை வேறு. கயிறு மட்கும்போது தையலைப் பிரித்துப் புதிதாகத் தைப்பர். நைந்த பலகையையும் மாற்றுவர். ஆகவே மரத்தினும் கைப்பழக்கமே நிலைத்து நின்றது. பிரெஞ்சுக் கடற்படையினரான பாரி என்பவர் 1840களின் தொடக்கத்தில் வெளியிட்ட படங்களும், சென்னை மீன்துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் எழுதிய ஆராய்ச்சியும் நமக்கு வடிவைத் தருகின்றன. முடிச்சை எத்துணை இறுக்குவது என்பதைக் கைதான் சொல்ல வேண்டும்.

இதற்குச் சான்று அண்மையில் கிடைத்தது. அஜந்தா ஓவியத்திலுள்ள கப்பலை ஆதாரமாகக் கொண்டு ‘கௌண்டின்யா’ என்னும் தையற்கப்பல் கட்டப்பெற்று, 2025 மே 21இல் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. ஓவியத்தில் அளவு ஏது? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் சிறு மாதிரியை நீரில் சோதித்தனர். பாபு சங்கரன் தலைமையில் கேரளக் கைவினைஞர் பலகைகளைத் தைத்தனர். ஓவியமும் கணக்கும் கைத்திறனும் கூடியே கலம் பிறந்தது.

பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்தில் வாழும் நமக்குக் கடல் தொலைவாயினும், இத்தொழில் அயலானதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அயினி மரத்தை மலையாளிகள் ஆஞ்ஞிலி என்பர்; படகுத் தச்சர் பெரிதும் விரும்புவது அதுவே. 1980இல் டிம் செவரின் ஓமானில் கட்டிய ‘சோகார்’ என்னும் தையற்கப்பலுக்கு மலபாரிலிருந்தே அயினி மரம் சென்றது. இலட்சத்தீவினர் அதனைத் தைத்தனர். அது சீனத்தின் காண்டன் நகரை 1981இல் அடைந்தது.

மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு நெறி உண்டு: மூலம் தெளிவாக இல்லாத இடத்தில் நம் ஊகத்தை மூலத்தின்மேல் ஏற்றலாகாது. பழங்கலத்தை மீட்போர்க்கும் அதுவே நெறி. எது சான்று, எது ஊகம் என்று பிரித்து எழுதிவைத்த பின்னரே பலகையில் துளையிட வேண்டும். கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்ட இந்நாளில், தைக்கத் தெரிந்த முதியோரைத் தேடி, அவர்தம் சொற்களையும் முடிச்சுகளையும் பதிவு செய்வது முதற்கடமையாகும். அருங்காட்சியகத்தில் வைத்த பலகை காத்திருக்கும். முதியோரின் கைகளுக்கு அத்துணை அவகாசம் இல்லை.