கதவும் நிலையும்: இடம்பெயர்ந்த கதவுகளை வாசித்தல்

பழைய வீடொன்றின் காலத்தை அதன் தலைவாசற் கதவைக் கொண்டு கணிப்பது குடியிருப்புக் கட்டடக்கலை ஆய்வில் எளிதில் நேரும் பிழை. கதவின் செதுக்குவேலை கண்ணைக் கவர்கிறது. புகைப்படத்தில் தெளிவாகப் பதிகிறது. முந்தைய நூல்களின் படங்களோடு ஒப்பிடவும் வசதியாக இருக்கிறது. ஆனால் சுவரையோ கூரையையோ குலைக்காமல் கழற்றி எடுத்துச் செல்லத்தக்க உறுப்பும் அதுவே. ஒரு வீட்டில் இன்று தொங்கும் கதவு அந்த வீட்டுக்கெனச் செய்யப்பட்டதுதானா என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளாமல் பாணி, காலம், புரவலர் குறித்து எழுதப்படும் எதுவும் உறுதியற்றது.

இக்கேள்விக்கான விடை பெரும்பாலும் கதவில் இல்லை, நிலையில் இருக்கிறது. குஜராத்தின் பழைய மரவீடுகளில் கதவுகள் கீலில் தொங்குவதில்லை. கதவின் ஓரச்சட்டம் மேலும் கீழும் சற்று நீண்டு குடுமியாக முடியும். மேற்குடுமி நிலையின் மேற்சட்டத்துத் துளையிலும், கீழ்க்குடுமி வாசற்படியில் குடைந்த குழியிலும் அமர்ந்து சுழலும். கதவின் எடையைத் தாங்குவது படிதான். ஆகவே கதவும் நிலையும் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்ட இணை. பல்லாண்டுச் சுழற்சியில் குழியின் விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்கிறது. கதவின் அடிவிளிம்பு தரையில் வில்போலத் தடம் பதிக்கிறது. தாழ்ச்சங்கிலி தொங்கி ஆடிய இடத்தில் பலகை பள்ளமாகிறது. இத்தேய்வுகள் ஒன்றோடொன்று பொருந்தினால் கதவு அங்கேயே பிறந்தது எனக் கொள்ளலாம். பொருந்தாவிட்டால் அது வந்து சேர்ந்தது.

அகமதாபாத்தின் மதில்சூழ் நகரம் 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ‘போள்’ எனப்படும் அதன் நெருக்கமான தெருக்குடியிருப்புகளில், செங்கற்சுவருக்குள் மரச்சட்டங்களைப் பிணைத்துக் கட்டிய வீடுகள் ஏராளம். இத்தகைய வீடொன்று பாகப்பிரிவினையாலோ பராமரிப்பின்மையாலோ இடிக்கப்படும்போது, செங்கல் குப்பையாகிறது. தூண், தாங்குகட்டை, கதவு ஆகியவை தனித்தனியே விலைபோகின்றன. இன்னொரு பழைய வீட்டைப் புதுப்பிப்பவர் அவற்றை வாங்குகிறார். இதைக் குறைகூற இயலாது. அதே கதவு கண்ணாடி பதித்த உணவு மேசையாகவோ விடுதிச் சுவரின் அலங்காரமாகவோ முடிவதைவிட, கதவாகவே திறந்து மூடப்படுவது நன்று. காரைக்குடியிலும் மட்டாஞ்சேரியிலும் பழம்பொருட்கடைகளின் முன் சாத்திவைக்கப்பட்டிருக்கும் கதவுகளைக் கண்டவர்கள் இதை ஒப்புவார்கள்.

சிக்கல் பொருத்தும் முறையில் இருக்கிறது. வாங்கிய கதவு அரிதாகவே வாயிலின் அளவுக்கு ஒத்துவரும். கதவை அதன் நிலையோடும் படியோடும் சேர்த்து வாங்கி, சுவரைத் திறந்து, மேலே தாங்குசட்டம் இட்டுப் பொருத்துவது ஒரு வழி. செலவும் காலமும் மிகுதி. இருக்கும் நிலைக்குள் கதவை மட்டும் அடக்குவது மற்றொரு வழி. அதற்காகக் குடுமிகள் அறுக்கப்படுகின்றன, ஓரங்கள் இழைக்கப்படுகின்றன, புதிய கீல்கள் அறையப்படுகின்றன, குறையும் உயரத்துக்கு அடியில் ஒட்டுக்கட்டை சேர்க்கப்படுகிறது, இறுதியில் எல்லாவற்றின் மீதும் ஒரே நிறத்தில் மெருகெண்ணெய். தச்சர் திறமைசாலியாக இருந்தால் ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. அந்தத் திறமையே பின்னால் வரும் ஆய்வாளரை வழிதவறச் செய்கிறது. அறுபட்ட குடுமியோடு அந்தக் கதவு முன்பு எந்தப் பக்கம் திறந்தது என்பதற்கான சான்றும் போய்விடுகிறது.

கதவொன்றை அதன் ‘சொந்த’ இடத்துக்குத் திருப்பும் முயற்சி அரசறிக்கையாகவே வெளிவந்த நிகழ்வும் இந்திய வரலாற்றில் உண்டு. முதல் ஆங்கில-ஆப்கானியப் போரின் இறுதியில், 1842 ஜூலை 4 தேதியிட்ட கடிதத்தில், கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ தளபதி நாட்டுக்கு ஒரு கட்டளை விடுத்தார்: கஸ்னியிலுள்ள சுல்தான் மஹ்மூதின் கல்லறைக் கதவுகளைக் கழற்றி இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும்; அவை சோமநாதர் கோயிலுக்குரியவை. நாட் அவ்வாறே செய்தார். நவம்பர் 16 தேதியிட்ட அறிக்கையில், எண்ணூறு ஆண்டுக்கால அவமானம் நீங்கிவிட்டதாக இந்திய மன்னர்களுக்கும் மக்களுக்கும் எல்லன்பரோ அறிவித்தார்.

இந்த அடையாளம் எங்கிருந்து வந்தது? 1026ஆம் ஆண்டளவில் நடந்த சோமநாதர் படையெடுப்பை அடுத்த தலைமுறைக்குள் எழுதிய அல்பிரூனி, உடைக்கப்பட்ட லிங்கத்தின் ஒரு பகுதி கஸ்னி மசூதி வாசலின் முன் கிடப்பதாகக் குறிப்பிடுகிறார். கதவு கொண்டுசெல்லப்பட்டதாக அவர் கூறவில்லை. ஆனால் 1830களின் தொடக்கத்தில் ஷா ஷூஜாவுடன் பேச்சு நடத்திய ரஞ்சித் சிங் சோமநாதரின் சந்தனக் கதவுகளைக் கேட்டிருக்கிறார். அதற்குள் கதை வேரூன்றிவிட்டது. இதற்கிடையே உஜ்ஜயினி கோபால் மந்திரின் வெள்ளிக் கதவுகளே சோமநாதரிலிருந்து கஸ்னிக்கும் அங்கிருந்து லாகூருக்கும் சென்று, மஹாதஜி சிந்தியாவால் மீட்கப்பட்டவை என்று இன்னொரு மரபு கூறுகிறது. ஒரே கோயிலுக்கு, ஒரே கொள்ளைக்கு, சந்தனத்தில் ஓரிணை, வெள்ளியில் ஓரிணை!

கதவுகள் கஸ்னியில் கழற்றப்பட்டபோது உடனிருந்த ஹென்றி ராலின்சன் அவை சோமநாதருடையவை என்பதை நம்பவில்லை. அரபு எழுத்துப் பொறிப்பு மஹ்மூதின் பெயரைச் சொல்கிறது. செதுக்குவேலையோ அறுகோண, எண்கோணக் கட்டங்களாலான வடிவியல் அணி. பின்னர் மரமும் சந்தனமன்று, தேவதாரு என்று தெரியவந்தது. அவை கல்லறைக்கெனவே செய்யப்பட்ட கதவுகள். அதாவது கழற்றப்பட்ட இடமே அவற்றின் சொந்த இடம்.

அவற்றைப் பொருத்துவதற்கு வீடும் இல்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. 1842இல் சோமநாதரின் பழைய கோயில் இடிபாடாகக் கிடந்தது. வழிபாடு அருகே அகல்யாபாய் ஹோல்கர் கட்டுவித்த சிறு கோயிலில் நடந்தது. இன்றைய கோயிலில் லிங்கம் நிறுவப்பட்டது 1951இல்தான். 1843 மார்ச் 9 அன்று பிரிட்டானிய நாடாளுமன்றத்தில் மெக்காலே எல்லன்பரோவின் அறிக்கையைக் கடுமையாகச் சாடினார். எனினும் கண்டனத் தீர்மானம் தோற்றது. கதவுகள் ஆக்ராவைத் தாண்டவில்லை. அங்குள்ள கோட்டையில் அவை இன்றும் உள்ளன. அவமானத்தின் சின்னமென்றும் மீட்சியின் சின்னமென்றும் கதவுகளைப் பேசவைத்த கதை, மரம் எது என்று தெரிந்த பின்னும் நெடுநாள் வாழ்ந்தது. இதன் அரசியலை ரொமிலா தாப்பரின் ‘சோமநாதா’ (2004), ரிச்சர்ட் டேவிஸின் ‘லைவ்ஸ் ஆஃப் இண்டியன் இமேஜஸ்’ (1997) ஆகிய நூல்களில் விரிவாகக் காணலாம்.

போள் வீட்டுக் கதவுக்கும் சட்டம் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய, கட்டடத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எந்தப் பொருளையும் தொல்பொருள் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அச்சட்டத்தின் கண்ணில் பொருள் ஒன்று பிரிந்த பின்னரே தனியடையாளம் பெறுகிறது. எதிலிருந்து பிரிந்தது என்பதைப் பதிவு செய்துவைக்கும் பொறுப்போ நடைமுறையில் விற்பவரின் நினைவாற்றலுக்கு விடப்பட்டிருக்கிறது. விற்பவர் ‘ஹவேலியிலிருந்து வந்தது’ என்பார். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வாசல் என்று கேட்டால் விலை பற்றிய பேச்சுக்குத் திரும்பிவிடுவார்.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் கதவின் முகப்பைப் படமெடுக்கும் முன் அதைத் திறந்துபார்க்க வேண்டும். படியில் குழி இருக்கிறதா, அக்குழியின் அளவு குடுமியின் அளவோடு ஒத்துப்போகிறதா, மேற்சட்டத்தில் பயனற்ற துளை அடைபட்டிருக்கிறதா, கீலுக்குப் பின்னால் மரத்தின் நிறம் வேறுபடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டைப் புதுப்பிப்பவர் உங்களிடம் யோசனை கேட்டால், குடுமியை அறுக்காமல் நிலையில் புதுத் துளையிடச் சொல்லுங்கள். ஒட்டுக்கட்டையை நிறம்மாற்றி மறைக்க வேண்டாம் என்றும், கதவு வந்த ஊரையும் பொருத்திய ஆண்டையும் கதவின் உட்புற மேல்விளிம்பில் உளியால் பொறித்துவிடலாம் என்றும் சொல்லுங்கள். தச்சருக்கு அது சில நிமிட வேலை.