தகுவாபாவில் ஒரு தமிழ்க் குளம்

தாய்லாந்தின் மேற்குக் கடற்கரையில், புக்கெட் தீவுக்கு வடக்கே பங்ஙா என்றொரு மாகாணம் உள்ளது. சுற்றுலாக் கையேடுகள் அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான்: கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகள், 1974-இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தால் புகழ்பெற்ற கோ தாப்பு என்னும் ஒற்றைப் பாறை, சிமிலன் தீவுகளின் பவளத் திட்டுகள், காவ் லாக் மணற்கரை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்தது. ஆழிப்பேரலை கடலிலிருந்து தூக்கி வந்து, ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் தரையில் வைத்துவிட்டுப் போன காவல்படகு அது. 813 என்ற எண்ணோடு நினைவுச் சின்னமாக இன்றும் நிற்கிறது. அதே அலைதான் அன்று காலை புதுவைக் கரையையும் காரைக்காலையும் அடித்தது.

நாம் பேச வந்தது பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு பொருளைப் பற்றி. பங்ஙா மாகாணத்தின் வடபகுதியில் தகுவாபா என்னும் பழைய ஊர் இருக்கிறது. தகுவா என்றால் தாய் மொழியில் ஈயம். வெள்ளீயச் சுரங்கங்களால் வாழ்ந்த பகுதி. ஆற்றின் வழியே உள்ளே சென்றால் ஒரு சிறு குன்று. பெயர் காவ் பிரா நாராய், அதாவது நாராயணன் மலை. அங்கே மூன்று கற்சிற்பங்களை ஒரு மரம் தன் வேர்களால் பின்னிப் பிடித்து வைத்திருந்ததைப் பழைய புகைப்படங்களில் காணலாம். அவற்றின் பக்கத்திலிருந்துதான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு வெளியுலகுக்குத் தெரியவந்தது.

சிதைந்த கல், ஆறே வரிகள். ஹுல்ட்ஷ் முதலில் படித்தார். பின்னர் நீலகண்ட சாஸ்திரி விரிவாக ஆராய்ந்தார். நாங்கூரைச் சேர்ந்தவர் என்று அறிஞர் பலர் கொள்ளும் ஒருவர் அங்கே ஒரு குளம் தோண்டினார். அதற்கு அவனிநாரணம் என்று பெயர். அந்தக் குளம் மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலம். கல் சொல்வதில் நமக்குத் தெளிவாகக் கிடைப்பது இவ்வளவே. மணிக்கிராமம் புகழ்பெற்ற வணிகக் குழு. சேனாமுகம் என்பது படைவீரர் குழுவா, அவர்கள் தங்கிய இடமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

குளத்தின் பெயர்தான் காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அவனிநாரணன் என்பது தெள்ளாறெறிந்த மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர்; நந்திக் கலம்பகத்தைப் படித்தவர்களுக்குப் புதிதல்ல. எனவே கல்வெட்டு 9-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. இராசேந்திர சோழனின் கடார்ப் படையெடுப்பு 1025-ஐ ஒட்டியது. அதற்கு ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகள் முன்னதாகவே, அரசன் எவனும் கப்பற்படை அனுப்பாத காலத்தில், தமிழ் பேசும் ஒரு கூட்டம் அங்கே தண்ணீருக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது.

கடாரத்தைப் பற்றி நம்மவர் எழுதும்போது குரல் உயர்ந்துவிடுகிறது; வென்றோம், ஆண்டோம் என்கிறோம். தகுவாபாக் கல்லிலும் பல்லவப் பேரரசின் கடல் கடந்த ஆட்சியைக் கண்டவர்கள் உண்டு. ஆனால் கல்லில் வெற்றிச் செய்தி எதுவும் இல்லை. ஊர் அரசனின் பட்டத்தை ஒரு குளத்துக்கு வைப்பது ஆட்சிக்குச் சான்றாகாது. பிரிந்துவந்த ஊரின் நினைவுக்குச் சான்றாகலாம். வந்து பொருள் விற்றுத் திரும்புகிறவன் குளம் வெட்டமாட்டான். பருவக்காற்று மாறும்வரை தங்குகிறவர்கள், அடுத்த ஆண்டும் தம் ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்தவர்கள்தாம் வெட்டுவார்கள். அவர்களைத் தகுவாபாவுக்கு இழுத்ததற்குப் புவியியலும் காரணம். அங்கிருந்து தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தால் மறுகரையில் சாய்யாவை அடையலாம். மலாக்கா நீரிணையைச் சுற்றிவர வேண்டியதில்லை. ஆற்று முகத்திலுள்ள கோ கோ காவ் தீவில் சீனத்துத் தாங் காலப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் கண்ணாடி மணிகளும் கிடைத்திருப்பது அந்த வழியின் பரபரப்பைக் காட்டுகிறது.

இனி இக்கரைக்கு வருவோம். அதே நந்திவர்மனுக்கும் இராட்டிரகூட இளவரசி சங்காவுக்கும் பிறந்தவன் நிருபதுங்கவர்மன். அவனது 8-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடுகள் கிடைத்த ஊர் நமது வாகூர். வாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் உயர்கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தியை அவை வடமொழியிலும் தமிழிலும் கூறுகின்றன. தந்தையின் பெயரில் கடலுக்கு அப்பால் ஒரு குளம்; மகனின் ஆணையில் இங்கே ஒரு கல்லூரி. வாகூர் ஏரி இன்றும் இருக்கிறது. மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகளோடு இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்தவையும் உள்ளன. நீர்நிலையைக் காப்பது ஊரார் கடமை என்ற எண்ணம் ஏரிக்கரைகளில் வளர்ந்த மக்களுக்கு இயல்பானது. கப்பலேறிய போதும் அது கூடவே போயிருக்கிறது.

தகுவாபாவோடு நிறுத்திக்கொண்டால் கதை 9-ஆம் நூற்றாண்டில் தொடங்கியதாகத் தோன்றிவிடும். தெற்கே கிராபி மாகாணத்தில் குளோங் தோம் அருகே குவான் லுக் பாட் என்னும் மேடு உள்ளது. பெயருக்கு மணிக் குன்று என்று பொருள். அங்கே கிடைத்த சிறு உரைகல்லில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டினது என்பர். பத்தன் என்பது பொற்கொல்லனைக் குறிக்கும் சொல். அரசனுமில்லை, கொடையுமில்லை, இது என்னுடைய கல் என்று ஒரு தொழிலாளி தன் கருவியில் பெயர் எழுதிவைத்திருக்கிறான், அவ்வளவுதான். எமக்குத் தகுவாபாக் கல்லைக் காட்டிலும் இதுவே நெருக்கமாகப்படுகிறது. வடக்கே ரானோங் மாகாணத்தின் பூ காவ் தோங்கில் கிடைத்த பானையோட்டில் தமிழ் பிராமி எழுத்துகள் இருப்பது 2006-இல் அறிவிக்கப்பட்டது. ஐராவதம் மகாதேவன் அதை 2-ஆம் நூற்றாண்டினதாகக் கருதினார்.

மணிக் குன்று என்றதும் புதுவைக்காரருக்கு அரிக்கமேடு நினைவுக்கு வரவேண்டும். 1937-இல் ழூவோ துப்ரேய் அங்கே வந்தபோது, சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளும் கற்களும்தாம் அவர் கவனத்தை ஈர்த்தன. 1945-இல் வீலரும், பின்னர் கசாலும், 1989 முதல் விமலா பெக்லியும் அகழ்ந்தனர். இழுத்து நறுக்கிச் செய்யும் சிறு கண்ணாடி மணிகளின் தொழில்நுட்பம் அரிக்கமேட்டிலிருந்து மாந்தைக்கும் குளோங் தோமுக்கும் பரவியது என்று மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் வாதிட்டார். இந்தக் கசால்தான் எங்கள் காட்டேரிக்குப்பத்தை ஒட்டிய சுத்துக்கேணியின் பெருங்கற்கால ஈமக்காடுகளையும் அகழ்ந்து, 1956-இல் அரிக்கமேட்டு அறிக்கையோடு சேர்த்தே வெளியிட்டார். சுத்துக்கேணி வாய்க்கால் சங்கராபரணி நீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுபோகிறது. அந்த ஆற்றின் ஒரு கிளை அரியாங்குப்பத்தைத் தொட்டு அரிக்கமேட்டருகே கடலில் கலக்கிறது. உள்நாட்டுக்கும் துறைக்கும் இடையே போக்குவரத்து எவ்வழி நடந்திருக்கும் என்று ஊகிக்க இந்த நீர்வழியே போதும்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில செய்திகள். தகுவாபாக் கல்வெட்டைத் தேடிப் பங்ஙாவுக்குப் போகவேண்டாம். அது மறுகரையில் நக்கோன் சி தம்மராட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உரைகல் குளோங் தோமில், ஒரு பௌத்த விகாரையின் அருங்காட்சியகத்தில் உள்ளது. அரிக்கமேட்டுக்குச் செல்பவர் கண்ணில் முதலில் படுவது இடிந்த செங்கல் சுவர். அதை யவனர் கட்டியதென்று எண்ணிப் படமெடுத்துக்கொள்வோர் பலர். அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் எழுப்பிய கட்டடத்தின் மிச்சம். யவனர் காலத்துச் சுவர்கள், அகழ்ந்தவர்கள் திரும்ப மூடிய மண்ணுக்குக் கீழே கிடக்கின்றன.