மூட்டுவலியும் ‘டி’ உயிர்ச்சத்தும்

மைசூரில் வாழும் நம்மவருள் முதியோர் சிலர், மூட்டுவலி வந்தால் அதனைக் கன்னடத்தில் எடுத்துரைக்கத் தயங்கி, மருத்துவரை நாடாமல், மருந்துக்கடையில் ‘டி’ உயிர்ச்சத்தைத் தாமே கேட்டு வாங்குகின்றனர். இதன் தீங்கை உலகம் முன்னரே கண்டுள்ளது.

1922ஆம் ஆண்டில் மெக்காலம் என்னும் அமெரிக்க அறிஞர், குழந்தைகளின் எலும்பு வளையும் நோயைத் தீர்க்கும் இச்சத்தை இனங்கண்டார். 1930களில் அந்நாட்டு மருத்துவர் சிலர், முடக்குவாதத்திற்கு நாள்தோறும் 2,00,000 அலகும் அதற்கு மேலும் கொடுத்துப் பார்த்தனர். நோயாளர் பலருக்குக் குருதியில் சுண்ணச்சத்து மிகுந்தது, சிறுநீரகம் பழுதுற்றது. 1940களில் இத்தீங்குகள் மருத்துவ ஏடுகளில் வெளிவரவே, அம்முறை மெல்ல வழக்கொழிந்தது.

காரணம் யாது? ‘சி’ உயிர்ச்சத்து மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீருடன் வெளியேறும். ‘டி’யோ உடற்கொழுப்பில் தங்கிச் சேரும். இன்று கடைகளில் கிடைக்கும் 60,000 அலகுப் பொட்டலம், பொதுவாக வாரம் ஒருமுறை, சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதித் தருவது. அதனை நாள்தோறும் உண்போர், அன்று அந்நோயாளர் பட்ட துன்பத்தையே விலைகொடுத்து வாங்குகின்றனர். தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள்.

மொழி தடையாயின், கன்னடம் அறிந்த அண்டை வீட்டாரை உடனழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி எதனால் வந்தது என்பதை அறிந்த பின்னரே மருந்து.