அரிதாரம் பூசிய கைகள்

சென்ற ஆண்டு நமது இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்று முடிந்து அன்பர்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் மாணவி ஒருவர் தயங்கியபடி அருகில் வந்து நின்றார். ஒப்பனைக் கலையைக் கற்று அதனையே தொழிலாகக் கொள்ளத் தாம் விரும்புவதாகவும், வீட்டில் ஒருவரும் அதற்கு இசையவில்லை எனவும் கூறினார். அவருடைய ஆச்சி, "மூஞ்சியில மாவு பூசுததுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டாராம். மாணவி என்னிடம் கேட்டதோ வேறொன்று: "ஐயா, இந்தத் தொழிலுக்கு வரலாறுன்னு ஒண்ணு இருக்கா?"

அன்று எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று வட்டத்தார் பணித்தபோது, அந்த வினாவே முன்வந்து நின்றது. ஒப்பனைக் கலைஞர் ஒருவர் தம் தொழிலுக்கு எவ்வாறு ஆயத்தமானார், யாரிடம் கற்றார், கற்க யாருக்கு இடம் தரப்பட்டது என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

பாடப்படாத ஆசிரியர்

ஒப்பு என்னும் சொல்லினின்று பிறந்தது ஒப்பனை. ஒன்றைப் போல மற்றொன்றை ஆக்குதல் அதன் உட்பொருள். பரதரின் நாட்டிய சாத்திரம் நடிப்பை நால்வகைப்படுத்தி, அவற்றுள் ஒன்றாக ஆகாரியத்தை வைக்கிறது. உடை, அணி, முகவண்ணம் ஆகியன அதனுள் அடங்கும். வெண்மை, நீலம், மஞ்சள், சிவப்பு என்னும் நான்கையும் அடிப்படை நிறங்களாகக் கொண்டு, அவற்றைக் கலந்து பிற நிறங்களைப் பெறும் முறையையும் அந்நூல் கூறுகிறது.

நம் சிலப்பதிகாரத்தைப் பார்ப்போம். மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அரங்கேற்று காதை ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியே விரித்துரைக்கிறது. ஒப்பனைக்கென ஓர் ஆசிரியனை அது கூறவில்லை. ஆனால் கடலாடு காதையில், பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் மாதவியின் கூந்தல் நீராட்டப்பெற்றதை அடிகள் எண்ணிக்கையோடு சொல்கிறார். அறிவு இருந்தது; அளவு இருந்தது; முறை இருந்தது. அவ்வறிவுக்கு உரிய ஆசிரியர் மட்டும் அவையில் அமர்த்தப்பெறவில்லை.

நம் மண்ணிலும் இதே நிலைதான். ஊற்றுமலை ஜமீனின் இருப்பிடமாக விளங்கியது நம் வீரகேரளம்புதூர். காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரையும், அவரைப் போற்றிய இருதயாலய மருதப்பத் தேவரையும் நாம் மறக்கவில்லை. குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரையும் மறக்கவில்லை. குறவஞ்சியை ஆடிக் காட்டியவர்களின் முகத்திற்குச் சாந்து குழைத்த கைகளை யார் பாடினார்?

தானே பூசிய காலம்

தென்பாண்டிச் சீமையின் கொடை விழாக்களில் கணியான் கூத்தைக் கண்டிராதவர் நம்மிடையே குறைவு. சுடலைமாடன் கோயில் முற்றத்தில் அண்ணாவி கதை பாட, மகுடங்கள் முழங்க, பெண்வேடம் புனைந்த ஆடவர் இருவர் விடியும்வரை ஆடுவர். அக்கலை தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. ஆட்டத்தோடு வேடமும் கூடவே வரும். மூத்தவர் பூசுவதை இளையவர் பார்ப்பார். பிறகு தம் முகத்திலேயே பூசிப் பழகுவார். கண்ணே ஆசிரியர், கண்ணாடியே பள்ளிக்கூடம்.

நம் ஊர்ப்பெயரிலேயே கேரளம் இருக்கிறது. மலையைக் கடந்தால் வேறொரு முறையைக் காண்கிறோம். கதகளியில் நடிகர் தம் முகத்தில் அடிப்படை வண்ணத்தைத் தாமே தீட்டிக்கொள்வார். அதற்குத் தேப்பு என்று பெயர். அதன்பின் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். சுட்டிக் கலைஞர் அவர் தலைமாட்டில் அமர்ந்து, அரிசிமாவும் சுண்ணாம்பும் கலந்த குழம்பைக் கன்னத்து ஓரமாக அடுக்கடுக்காக இட்டு வெண்ணிற விளிம்பை எழுப்புவார். இங்கே ஒப்பனை தனித் தொழிலாகிவிட்டது. அதற்கெனத் தனிப் பயிற்சியும் தேவையாயிற்று. கவிஞர் வள்ளத்தோள் 1930ஆம் ஆண்டு நிறுவிய கேரள கலாமண்டலத்தில் சுட்டியும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. குடும்பத்திற்குள் இருந்த வித்தை வகுப்பறைக்கு வந்தது. ஆயினும் அக்கலாமண்டலத்தில் கதகளி பயிலப் பெண்கள் சேர்க்கப்பெற்றது 2021ஆம் ஆண்டில்தான் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

நாடகக் கொட்டகையில்

தமிழில் 'அரிதாரம் பூசுதல்' என்றால் நடித்தல் என்றே பொருள். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. சிவப்புக்குப் பயன்பட்ட சாதிலிங்கமோ பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. இரண்டும் நஞ்சு. மேடை விளக்கில் பொன்னாய் ஒளிர்ந்த முகங்கள் நாள்தோறும் நஞ்சைச் சுமந்தன என்பதை எண்ணும்போது, ஒப்பனையை 'மாவு பூசுதல்' என்று எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை. எதைப் பூசலாம், எதைப் பூசலாகாது, எப்படிக் களைவது என்னும் அறிவு உயிரைக் காக்கும் அறிவாகும்.

வேடத்தின் ஆற்றலுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பற்றி நாடக உலகில் வழங்கிவரும் செய்தி ஒன்று போதும். எமனாகவும் சனீசுவரனாகவும் அவர் புனைந்த கோலத்தைக் கண்டு மக்கள் நடுங்கினர் என்றும், அவ்வச்சத்தால் நேர்ந்த துயரமே அவரை நடிப்பை விட்டு ஆசிரியராகச் செய்தது என்றும் கூறுவர். அவர் 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். சிறுவர்களைக் கொண்டு நடத்திய அத்தகைய பாலர் குழுக்களில் ராஜபார்ட்டும் சிறுவனே; ஸ்திரீபார்ட்டும் சிறுவனே. பாட்டும் வசனமும் போலவே டோப்பா வைப்பதும் புருவம் தீட்டுவதும் அங்கே குருகுலப் பாடமாயின. டி. கே. சண்முகம் அப்பள்ளியில் வளர்ந்தவர். ஔவையாராக வேடம் பூண்டு ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றார். ஒரு வேடம் ஒருவரின் பெயராகவே நிலைத்துவிட்டது.

பெண்கள் இதில் பின்தங்கியிருந்தார்களா எனில், இல்லை. நம் செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்து இசை நாடக மேடையை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பாவின் துணைவியார் கே. பி. சுந்தராம்பாள், 1935ஆம் ஆண்டு வெளிவந்த 'நந்தனார்' திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஆண் பெண்ணாகவும், பெண் ஆணாகவும் மாறிக் காட்டிய மேடை நம்முடையது. முகத்தை மாற்றிக்கொள்ள இருபாலார்க்கும் இடமிருந்தது. பிறர் முகத்தை மாற்றித் தந்து ஊதியம் பெறும் உரிமைதான் பின்னர் வழக்காயிற்று.

வேதியியலும் வெளிச்சமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் இத்தொழில் அறிவியலோடு கைகோத்தது. ஜெர்மனியில் இசை நாடகப் பாடகராக இருந்த லுட்விக் லைக்னர், ஈயம் கலந்த பூச்சுகளின் தீங்கைக் கண்டு, 1873ஆம் ஆண்டு கொழுப்பு கலந்த வண்ணக் குச்சிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். போலந்தில் பிறந்த மாக்ஸ் ஃபாக்டர் சிறு வயதிலேயே டோப்பா செய்பவரிடம் வேலை பழகியவர். 1904ஆம் ஆண்டு அமெரிக்கா சென்ற அவர், 1914ஆம் ஆண்டு திரைப்படத்திற்கெனவே மெல்லிய பூச்சு ஒன்றை உருவாக்கினார்.

அதன் தேவை என்ன? அக்காலப் படச்சுருள் சிவப்பு நிறத்தை உணராது. சிவந்த கன்னம் திரையில் கறுத்துத் தோன்றும். மேடைக்காகப் பூசிய தடித்த பூச்சு, முகம் அருகில் காட்டப்படும்போது வெடிப்புகளோடு தெரியும். பின்னர் எல்லா நிறங்களையும் உணரும் சுருள் வந்தபோது பூச்சும் மாறியது. வண்ணப்படம் வந்தபோது 1930களின் இறுதியில் 'பேன்கேக்' வந்தது. இதிலிருந்து ஒரு பாடம் புலனாகிறது. ஒப்பனைக் கலைஞர் தோலை மட்டும் கற்றால் போதாது; ஒளியையும் கற்க வேண்டும். காலையில் கற்றது மாலையில் பழையதாகிவிடும் தொழில் இது.

மாடியில் ஒரு படிக்கட்டு

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்பின் சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களே ஒப்பனையின் பள்ளிகளாயின. 1952ஆம் ஆண்டு ஜெமினி ஸ்டுடியோவில் பணியில் சேர்ந்த எழுத்தாளர் அசோகமித்திரன், அங்கிருந்த ஒப்பனைப் பிரிவைத் தம் நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையோடு தீட்டியுள்ளார். இராபர்ட் கிளைவின் குதிரை லாயம் என்று நம்பப்பட்ட கட்டடத்தின் மாடியில், சுற்றிலும் கண்ணாடிகளும் கண்கூசும் விளக்குகளுமாக இருந்தது அப்பிரிவு. அதில் ஒழுங்கான படிநிலை ஒன்று இருந்தது. தலைமை ஒப்பனைக்காரர் நாயகனையும் நாயகியையும் மட்டுமே தொடுவார். மூத்த உதவியாளருக்கு இரண்டாம் நாயகனும் நாயகியும்; இளைய உதவியாளருக்கு நகைச்சுவை நடிகர். கூட்டத்தில் நிற்பவர்களுக்கோ, பெயரளவில் 'பையன்' எனப்பட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர் வாளியில் குழைத்த வண்ணத்தை அப்பிவிடுவார்.

சிரிப்புக்கு இடையே இதில் ஒரு துயரமும் உண்டு. நடிகராகவோ கதாசிரியராகவோ ஆகும் ஆசையில் வந்து, அம்மாடியிலேயே இளமையைக் கழித்தவர் அந்தப் 'பையன்'. பள்ளியோ பட்டமோ இல்லாத தொழிலில் மேலே இருப்பவரின் மனமே தேர்வுத்தாள். எத்தனை ஆண்டுகளில் தேறுவோம் என்பதற்கு வரையறை கிடையாது.

ஓர் அட்டைக்காக ஒரு வழக்கு

படப்பிடிப்பு நிலையப் பயிற்சியோடு சங்க உறுப்பினர் அட்டையும் சேர்ந்தது. அட்டை இல்லையேல் வேலை இல்லை. மும்பைத் திரைப்பட உடை, ஒப்பனை, சிகையலங்காரக் கலைஞர்களின் சங்கம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தது. ஆண்கள் ஒப்பனைக் கலைஞராகலாம். பெண்கள் சிகையலங்காரம் மட்டுமே செய்யலாம். ஆண்களின் பிழைப்பு கெடும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

சாரு குரானா என்பவர் அமெரிக்காவில் ஒப்பனைக் கலையை முறையாகக் கற்றுத் திரும்பியவர். 2009ஆம் ஆண்டு அவர் உறுப்பினர் அட்டை கேட்டபோது, பெண் என்பதால் மறுக்கப்பட்டார். கல்வி இருந்தது, திறன் இருந்தது, வாயில் திறக்கவில்லை. அவரும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2014ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் உதய் உமேஷ் லலித்தும் தீர்ப்பளித்தனர். பெண்களைத் தடுக்கும் விதி அரசமைப்புச் சட்டம் வழங்கிய சமத்துவத்திற்கும் தொழில் உரிமைக்கும் எதிரானது என்றும், 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் ஆண் பெண் வேறுபாடு பார்க்கவில்லை என்றும் கூறி அவ்விதியை நீக்கினர். மகாராட்டிரத்தில் ஐந்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதியும் அதனோடு வீழ்ந்தது.

தீர்ப்புக்கு அடுத்த ஆண்டில் வெளிவந்த 'நானக் ஷா ஃபகீர்' திரைப்படத்திற்காகப் பிரீத்திஷீல் சிங், குளோவர் வூட்டன் என்னும் இரு பெண்கள் சிறந்த ஒப்பனைக்கான தேசிய விருதைப் பெற்றனர். அறுபது ஆண்டுகளாக எத்தகைய கைகள் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மாணவிக்கு விடை

இன்று கற்பதற்கு வழிகள் பல. அழகுக்கலை தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டுப் பாடப்பிரிவாக உள்ளது. அங்கே அடிப்படையைக் கற்ற பின், தேர்ந்த கலைஞர் ஒருவரிடம் சில ஆண்டுகள் உதவியாளராக இருத்தல் நன்று. தோலின் இயல்பு, வண்ணங்களின் கலப்பு, ஒளியின் போக்கு, கருவிகளின் தூய்மை, பொருள்களின் நஞ்சும் நலமும் ஆகியவை கற்க வேண்டியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, தம் கையில் முகத்தை ஒப்படைத்தவரிடம் காட்ட வேண்டிய கண்ணியம் உண்டு. அதைக் கற்பிக்கப் பாடநூல் இல்லை.

கணியான் கூத்தின் கண்ணாடி, கதகளியின் வகுப்பறை, பாலர் சபையின் குருகுலம், ஸ்டுடியோவின் படிக்கட்டு, நீதிமன்றத்தின் தீர்ப்பு என நீண்ட வழி நடந்து வந்த தொழில் இது. மகளே, நீ கேட்ட வரலாறு உண்டு. ஆண்கள் பெண் முகம் பூண்டதை நூற்றாண்டுகளாகக் கண்ட நாடு, பெண் தூரிகை ஏந்தி அதனால் பிழைப்பதைத் திரைத்துறையில் உரிமை என்று ஏற்றது 2014ஆம் ஆண்டில்தான். வழக்காடிப் பெற்ற அவ்வுரிமையைத்தான் உன் வீட்டார் இன்று உனக்கு மறுக்கிறார்கள். இம்மலரை உன் ஆச்சிக்குப் படித்துக் காட்டு. மாதவி ஏழாண்டு கற்றாள் என்பதையும், அவள் கூந்தலுக்குரிய நன்னீரில் முப்பத்திரண்டு ஓமாலிகைகளை யாரோ ஒருவர் எண்ணிச் சேர்த்தார் என்பதையும் மறவாமல் சொல். அதுவும் ஒரு படிப்புதான்.