உயிரும் அவள் பிள்ளைகளும்

பரிணாமம் பற்றி நம் மேடைகளில் பேச வருபவர்கள் 'வலுத்தவன் வாழ்வான்' என்று எளிதாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்த 'ஆன்' விகுதி ஒவ்வொரு முறையும் உறுத்தும். கோடிக்கணக்கான ஆண்டுகளின் கதைக்கு ஓர் ஆண் நாயகன் எப்போது வந்து சேர்ந்தான்? இந்தக் கேள்வியோடுதான் அரபெல்லா பக்லியைத் தேடிப் போனேன்.

1840இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பிறந்தவர். 1864இல் லண்டனில் நிலவியலாளர் சார்ல்ஸ் லயலுக்குச் செயலாளரானார். பாறை அடுக்குகளைக் கொண்டு பூமியின் முதுமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் லயல். அவருக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. பதினோரு ஆண்டுகள் அவருடைய எழுத்துப் பணிக்குத் துணை நின்றவர் பக்லி. டார்வின், வாலஸ் போன்றோரின் அறிமுகம் அங்கேதான் கிடைத்தது. ஆனால் லண்டன் நிலவியல் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919இல்தான். கேட்கலாம், எழுதித் தரலாம். அவையில் அமர முடியாது.

1875இல் லயல் இறந்தார், வேலையும் போயிற்று. மறு ஆண்டே அறிவியலின் சுருக்கமான வரலாறு ஒன்றை பக்லி வெளியிட்டார். டார்வின் அதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். பிறகு சிறுவர்களுக்கான சொற்பொழிவுகள், நூல்கள். ஒரு பெண் அறிவியல் எழுதினால் பிள்ளைகளுக்குத்தான் எழுத வேண்டும் என்ற காலம் அது. அந்தச் சிறு வாசலுக்குள் அவர் கொண்டுபோனவை சிறியவை அல்ல.

1880இல் வந்த நூலின் தலைப்பைத் தமிழில் 'உயிரும் அவள் பிள்ளைகளும்' என்று சொல்வேன். அதில் உயிர் ஒரு தாய். முதுகெலும்பில்லாத எளிய உயிர்கள் அவள் பிள்ளைகள். முதுகெலும்பிகளின் கதை 1882இல் வந்தது: பழங்கால மீன்கள், தரைக்கு ஏறியவை, மறைந்துபோன மாபெரும் ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள். தலைப்பு என்னவோ வாழ்க்கைப் பந்தயத்தில் வென்றவர்களைப் பற்றியதுதான். ஆனால் பல்லும் நகமும் மட்டுமே வெல்லவில்லை என்கிறார் பக்லி. குட்டியைக் காப்பது, கூட்டமாக வாழ்வது, ஒன்றுக்கொன்று உதவுவது ஆகியவையும் உயிர்களை மேலே கொண்டுவந்த ஆற்றல்கள். பரஸ்பர உதவி பற்றிய குரோபோட்கினின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1902இல், இதற்கு இருபது ஆண்டுகள் கழித்து.

தாய்மையை இப்படி உயர்த்துவது எனக்கு முழுக்க உவப்பானதல்ல. பெண்ணைத் தொட்டிலோடு கட்டிப்போட விக்டோரியா காலத்தவர் இதே தாய்மையைத்தான் பாடினார்கள். பக்லியோ அதைக் குடும்பத்துக்கான அறிவுரையாக்காமல், மீன் முதல் மனிதர் வரையிலான வரலாற்றின் விசையாக்கினார். இந்த வேறுபாடு எனக்கு முக்கியம்.

1879இல் வாலஸின் பணநெருக்கடியை டார்வினுக்கு எழுதித் தெரிவித்தவரும் அவர்தான். டார்வின் முயற்சியெடுக்க, 1881இல் வாலஸுக்கு ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை கிடைத்தது.

1884இல் பக்லி திருமணம் செய்துகொண்டார். 1890இல் வந்த நூலின் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் அரபெல்லா பக்லி என்றே இருக்கிறது. திருமதி ஃபிஷர் என்பது அடைப்புக்குறிக்குள்.