பொற்கிழி கட்டிய பாண்டியன் யார்?

பெரியாழ்வார் பொற்கிழி பெற்ற கதை ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்ததுதான். பரம்பொருள் யார் என்று நிறுவுவோருக்கு என்று சொல்லி மதுரைப் பாண்டியன் வல்லபதேவன் கம்பத்தில் பொற்கிழியைத் தொங்கவிட்டான். நந்தவனத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் என்னும் பெரியாழ்வார் போய் வாதிட்டார், கம்பம் தானாக வளைந்து கொடுத்தது. ஆழ்வார்களுக்குப் பல நூற்றாண்டு கழித்து எழுந்த குருபரம்பரை நூல்கள் தரும் செய்தி இது. கம்பம் வளைந்ததை வரலாறு ஆராய முடியாது. அரசன் யார் என்பதை ஆராயலாம். ஆராய்ந்தால், சுமார் 815 முதல் 862 வரை ஆண்ட ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனே அவன் என்ற முடிவுதான் வலுவாக நிற்கிறது.

முதல் சான்று ஆழ்வாரின் சொந்த வாக்கு. கூடல்கோன் நெடுமாறன் திருமாலிருஞ்சோலையைக் கொண்டாடுவதாக அவரே பாடுகிறார். கதையோ அரசனை வல்லபன் என்கிறது. முற்காலப் பாண்டியர் மாறன், சடையன் என்று தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிப் பெயர் பூண்டவர்கள். அந்த வரிசையில் மாறனாகவும் வல்லபனாகவும் ஒருசேர விளங்குபவன் இவனே. வல்லபன் என்ற பெயர் செப்பேட்டுச் சமஸ்கிருதத்தோடு நின்றுவிடவும் இல்லை. சித்தன்னவாசல் சமணக் குகையில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் செய்த திருப்பணியைக் கூறும் தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டு, அவனிபசேகரன் என்ற விருதோடு இவனை ஸ்ரீவல்லவன் என்றே அழைக்கிறது. சமணர் திருப்பணியும் நடந்த ஆட்சி என்பதால், பல சமயத்தார் கூடி வாதிடும் அவையை அங்கே எண்ணிப்பார்ப்பது கடினமல்ல.

மறுப்புகள் உண்டு. இவன் தந்தை நெடுஞ்சடையனைத்தானே ஸ்ரீவரமங்கலச் செப்பேடு பரம வைஷ்ணவன் என்கிறது என்று கேட்கலாம். ஆனால் அவன் சடையன், மாறன் அல்லன். ஆழ்வாரின் மகள் ஆண்டாள் பாடிய திருப்பாவையின் வெள்ளி, வியாழன் குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் 731ஆம் ஆண்டைக் கணித்தாரே என்றால், அத்தகைய கோள்நிலை மீண்டும் மீண்டும் வருவது. அதே குறிப்புக்கு ஒன்பதாம் நூற்றாண்டு ஆண்டுகளைச் சொன்ன அறிஞரும் உண்டு. எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மாறன் முதலாம் இராசசிம்மன். அவன் காலத்தில் வல்லபன் என்பது பகைவனின் பட்டம். வெண்பைப் போரில் தோற்ற சாளுக்கியனுக்கு அப்பெயர். இன்னும் முந்திய நெடுமாறனோ சம்பந்தரால் சைவனானவன் என்பது மரபு.

சின்னமனூர்ச் செப்பேடு குன்னூர், சிங்களம், விழிஞம், குடமூக்கு வெற்றிகளைச் சொல்கிறதே தவிரப் பொற்கிழியைச் சொல்லவில்லை என்பது கடைசி மறுப்பு. அந்த மௌனத்துக்கு எடை குறைவு. தெள்ளாற்றில் பல்லவன் நந்திவர்மனிடம் பட்ட தோல்வியையும் அது சொல்லவில்லை. அதை அறியப் பல்லவர் பக்கச் சான்றுகள் வேண்டும். இரண்டாம் சேனனின் படை மதுரையைச் சூறையாடியதை அறிய இலங்கையின் மகாவம்சம் வேண்டும். தோல்விகளையே மறைத்த ஏடு, ஒரு பூத்தொடுப்பவருக்குக் கொடுத்த பரிசைக் குறிக்காததில் வியப்பில்லை.

ஆகவே ஆழ்வாரை ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வைப்பதே பொருத்தம். ஆனால் அந்தப் பொன்னில் எழுந்ததாகச் சொல்லப்படும் பதினொரு நிலைக் கோபுரத்தின் இன்றைய கட்டடத்தை அவர் காலத்தில் வைக்க முடியாது. அது பிற்காலப் பாணி. அரசனை ஏற்பதற்காகக் கதை முழுவதையும் வரலாறாக ஏற்க வேண்டியதில்லை.